கணவாயில் விரித்த துணி

ஸ்டோன்வாட்டருக்குச் சாலை வரப்போகிறது என்று முதன்முதலில் சொன்ன மனிதர் எங்கள் ஊருக்கு நொண்டிக்கொண்டே நடந்து வந்து சேர்ந்தார். 1930, ஜூலை மாதம். அலாஸ்காவில் பாதி ஆயுளைக் கழித்த அமெரிக்கப் பொறியாளர் அவர். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து பூட்ஸுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. குதிரைக்காரன் ஆஸ்முண்டின் மனைவி டெல்ஃபீன் அவரை விறகுக்கட்டை மேல் உட்காரவைத்து, ஸ்ப்ரூஸ் மரப்பிசினைக் காய்ச்சித் தடவி, மாவுச்சாக்குத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

"ஆயிரத்தைந்நூறு மைல் ரோடு போட வந்தவரு காலுக்கு ஒரு நல்ல காலுறை இல்லையே சாமி" என்றாள்.

அவர் சிரித்தார். அன்று மதியம் மூஸ் இறைச்சிக் குழம்பும் பானக் ரொட்டியும் மூன்று தட்டு சாப்பிட்டார். பிறகு மேசையைத் துடைக்கச் சொல்லி ஒரு வரைபடத்தை விரித்தார். கீழே சியாட்டில், மேலே ஃபேர்பேங்க்ஸ், இரண்டும் அமெரிக்கா; நடுவில் இருப்பது எங்கள் நாடு. இரண்டுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடு கடற்கரை மலைகளுக்குப் பின்புறமாக ஏறி எங்கள் ஊருக்குக் கிட்டே வந்ததும் நின்றுபோயிருந்தது.

டெல்ஃபீனின் தம்பி லியோன் எட்டிப் பார்த்தான். "அதாவது, கீழ இருக்கிறதும் உங்க வீடு, மேல இருக்கிறதும் உங்க வீடு. நடுவுல இருக்கிற எங்க வீட்டு வழியா நடைபாதை கேக்குறீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றார் பொறியாளர். "ஆனா பாதையில நீங்களும் நடக்கலாம்."

நான் அந்த ஊரின் தந்திக்காரன். பதினொரு வீடு, ஒரு கடை, ஆற்றங்கரையில் என் மரக்குடில். தெற்கிலிருந்து யூகானுக்குப் போகும் ஒற்றைக் கம்பியின் நடுவில் ஒரு முடிச்சுபோல் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சமைக்க வராது. ஆகவே வாரத்தில் ஐந்து வேளை ஃபோஸ் வீட்டு மேசையில்தான் சாப்பாடு. அந்த மேசையில் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரன் ஆஸ்முண்ட் ஃபோஸ். நார்வேயில் பிறந்து, பத்தொன்பது வயதில் வந்தவன். பொதிக்குதிரைகள் வைத்திருந்தான். சுரங்கக்காரர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் மாவு, பீன்ஸ், வெடிமருந்து, அடுப்பு, ஒருமுறை ஒரு பியானோவின் பாதி என்று எல்லாம் அவன் குதிரைகள் முதுகில்தான் போயின. டெல்ஃபீன் தாய்வழியில் தால்தான் என்னும் பழங்குடி இனம். அப்பா ஸ்காட்லாந்துக்காரக் கடைக்கணக்குப்பிள்ளை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குதிரைகள் இருந்தன.

பென்சில் கோடு நின்ற இடத்தில் ஆஸ்முண்ட் தன் தடித்த விரலை வைத்தான். "இங்க ஒரு வழி இருக்கு. உங்க படத்துல இல்ல. குளிர்காலத்துலகூட காத்து பனியை அடிச்சு ஒதுக்கிடும். வண்டி போகும்."

நான்கு நாள் அவரைக் குதிரையில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினான். திரும்பி வந்ததும் பொறியாளர் வரைபடத்தில் அந்த இடத்தில் 'ஃபோஸ் கணவாய்' என்று எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை ஆஸ்முண்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

அவர் போன பிறகு டெல்ஃபீன் சொன்னாள்: "அந்த வழிய உனக்குக் காட்டினது எங்க மாமன். எங்க ஆளுங்க கடற்கரைக்கு மீனெண்ணெய் வாங்கப் போன பாதை அது. அதுக்குப் பேரு இருக்கு. கரிபூ மான் இறங்கும் வாய்."

"அது படத்துல எழுத நீளமா இருக்கும்டி."

"எங்க ஆளுங்க அதுல நடக்குறதுக்கு எவன்கிட்டயும் மனு குடுக்கலய்யா."

அதோடு சாலைப் பேச்சு முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1933-இல் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் சாப்பிட்டார்கள், அவர்களும் கோடு போட்டார்கள். சியாட்டிலிலிருந்து கடிதங்கள் வந்தன. 'மசோதா தாக்கல்', 'குழு பரிசீலனை', 'அடுத்த கூட்டத்தொடர்'. எல்லாவற்றையும் நான்தான் ஆஸ்முண்டுக்கு வாசித்துக் காட்டினேன். ஆங்கிலம் பேசுவான், வாசிக்கத் திணறுவான். ஒவ்வொரு ஜூனிலும் பனி உருகியதும் கோடாரியும் இரட்டைப்பிடி ரம்பமும் எடுத்துக்கொண்டு லியோனோடு கிளம்பிவிடுவான். கணவாய்வரைக்கும் விழுந்த மரங்களை அறுத்து, புதரை வெட்டி, ஒரு வண்டி அகலத்துக்குப் பாதையைத் திறந்து வைப்பான். யாரும் கூலி தரவில்லை. யாரும் அதில் வண்டி ஓட்டவுமில்லை.

"வர்றவன் பாத்தா, பாதி வேலை முடிஞ்சிருக்குன்னு தெரியணும்" என்பான்.

"மச்சான், அந்தப் பாதியில எனக்குப் பாதி முதுகு போச்சு" என்பான் லியோன்.

முப்பத்தைந்தாம் வருடக் குளிர்காலத்தைச் சொல்லவேண்டும். அந்த ஆண்டும் அவன் பாதை வெட்டப் போய்விட்டுப் புல் அறுக்கத் தாமதமாக வந்தான். மார்ச்சில் வைக்கோல் தீர்ந்தது. குதிரைகள் லாயத்துப் பலகையைக் கடித்தன, மரப்பட்டையைத் தின்றன, ஒன்றின் வாலை ஒன்று தின்றன. ஆஸ்முண்ட் எங்கிருந்தாவது தீவனம் கொண்டுவருகிறேன் என்று பனிச்சறுக்குக் கட்டைகளில் கீழ்நாட்டுக்குப் போயிருந்தான். எழ முடியாமல் விழுந்து கிடந்த மூன்று குதிரைகளை டெல்ஃபீன்தான் சுட்டாள். மூன்றாவதற்குத் தோட்டா இல்லாமல் என்னிடம் வந்து கேட்டு வாங்கிப்போனாள். அவன் திரும்பிவந்தபோது அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

முப்பத்தாறில் கம்பியைக் கழற்றிவிட்டு எனக்கு ஒரு வானொலிக் கருவி கொடுத்தார்கள். அதிலும் தந்திச் சாவியை அமுக்கித்தான் செய்தி அனுப்பவேண்டும். ஊர் என்னைத் 'தந்தி' என்றே கூப்பிட்டது.

1938-இல் அமெரிக்கா சாலைக்கென்று ஒரு குழு அமைத்தது. இந்தமுறை அரசாங்கமே போட்ட குழு. அந்தச் செய்தியை நான் வாசித்தபோது ஆஸ்முண்ட் என் தோளைப் பிடித்து உலுக்கியதில் காப்பி கொட்டியது. மேலே மலையில் ஆகஸ்ட் முழுக்கப் பாதை வெட்டினான். கீழே சதுப்புப் புல்வெளியில் டெல்ஃபீன் தனியாக அரிவாள் வீசினாள். முழங்கால் தண்ணீர். கருப்பு ஈ கண்ணிமையைக் கடித்து வீங்கவைக்கும். அறுத்த ஈரப்புல்லை வேலிபோலக் கம்பு நட்டு அதில் தொங்கப் போட்டு உலர்த்துவது ஆஸ்முண்ட் சொல்லிக்கொடுத்த நார்வே முறை. ஆனால் அந்த ஆகஸ்டில் பத்தொன்பது நாள் மழை. தொங்கியபடியே புல் கறுத்தது. நானும் மூன்று நாள் போய் அறுத்தேன். என் அறுப்பைப் பார்த்து, "தந்திக்காரரே, நீங்க புல்ல அறுக்கல, பயமுறுத்துறீங்க" என்றாள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் இரண்டு செய்திகள் ஒரே நாளில் வந்தன. திங்கட்கிழமை மதியம் இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டெல்ஃபீன் காய்ந்த சால்மன் மீனைப் பீன்ஸில் போட்டு வேகவைத்திருந்தாள்.

முதல் செய்தி குழுவிடமிருந்து. வானிலையைப் பொறுத்து, பதினான்காம் தேதிக்கும் பதினெட்டாம் தேதிக்கும் இடையே உறுப்பினர்கள் விமானத்தில் வந்து கணவாயைப் பார்வையிடுவார்கள்.

இரண்டாவது கடற்கரைச் சுரங்கம் ஒன்றிலிருந்து. பதினாலு குதிரை வேண்டும். இருபத்துநான்காம் தேதி கடைசிப் படகு. அதற்குள் படகுத்துறையில் ஒப்படைக்கவேண்டும். வியாழனுக்குள் பதில் இல்லையென்றால் வேறிடம் பார்ப்போம்.

ஆஸ்முண்டுக்கு முதல் செய்தியை இரண்டுமுறை வாசிக்கவேண்டியிருந்தது. இரண்டாவதை அவன் ஒருமுறைகூடச் சரியாகக் கேட்கவில்லை.

"விமானம்!" என்றான். "நடந்து வரல, படகுல வரல. விமானத்துல வர்றாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"வைக்கோல் வேணும்" என்றாள் டெல்ஃபீன். "எட்டுக் குதிரைக்குத்தான் இருக்கு. நம்மகிட்ட இருபத்திரண்டு நிக்குது."

"வசந்தத்துல அளவைக்காரங்க வருவாங்க. நூறு பேர் வருவான். ஒவ்வொருத்தனுக்கும் பொதிக்குதிரை வேணும். அப்போ எட்ட வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கைய நக்குறதா?"

"வசந்தத்துக்கு முன்னாடி குளிர்காலம்னு ஒண்ணு வருமே, அதுக்கு உன் குழு ஏதாவது தந்தி அடிச்சிருக்கா?"

"நீ எப்பவும் இப்படித்தான். ஒரு நல்ல சேதி வந்தா அதுல ஈ மொய்க்குதான்னு பாப்ப."

"எட்டு வருஷமா நல்ல சேதியாவே தின்னுட்டிருக்கோம். குதிரைக்கு அது செரிக்கலய்யா."

லியோன் தட்டைவிட்டு நிமிராமல், "அக்கா, இன்னும் கொஞ்சம் மீன்" என்றான்.

"மேலேருந்து பாத்தா மலையெல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும்" என்று ஆஸ்முண்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "அடையாளம் வெக்கணும். பெருசா, வெள்ளையா."

எழுந்து உள்ளே போனவன் கட்டிலிலிருந்த இரண்டு படுக்கைவிரிப்புகளையும் உருவிக்கொண்டு வந்தான். அந்த வீட்டில் இருந்ததே அந்த இரண்டுதான். டெல்ஃபீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதையுமா?"

"சிலுவை மாதிரி விரிச்சா பத்து மைல் மேலேருந்து தெரியும்."

"நாங்க எதுல படுக்கிறது?"

"ஒரு வாரம்தானே டெல்ஃபீன்."

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு குதிரையில் சாமானோடு கணவாய்க்குப் போய்விட்டான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு டெல்ஃபீன் என் குடிலுக்கு வந்தாள். பூட்ஸ் சேற்றைக் கதவருகில் தேய்த்துவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"எழுதிக்கங்க. பதினாலு குதிரை. இருபத்துநாலுக்குள்ள படகுத்துறையில. ஆஸ்முண்ட் ஃபோஸ்."

நான் பென்சிலைக் கையில் எடுத்தேன். எழுதவில்லை. "உன் பேருல அனுப்பவா?"

"என் பேருல குதிரை இல்லையே. அவங்க அவன் பேருக்குத்தான் சேதி அனுப்பியிருக்காங்க."

"அவன் சொல்லாம அவன் பேருல அனுப்பக்கூடாது டெல்ஃபீன். அது விதி. எனக்கு வேலை போயிடும்."

"யாரு வந்து கேக்கப்போறான்? மரமா?"

"அவனே கேப்பான்."

"கேக்கட்டும்." அவள் குரல் உயரவில்லை. "தந்திக்காரரே, உங்ககிட்ட அன்னைக்கு ஒரு தோட்டா வாங்கினேன். ஞாபகம் இருக்கா? அந்தச் சாம்பல் குதிரை. துப்பாக்கிய எடுத்துட்டுப் போனப்ப, நான் தீனி கொண்டுவர்றேன்னு நெனச்சு தலையத் தூக்கிச்சு. இப்ப லாயத்துல இருபத்திரண்டு தலை இருக்கு. பதினாலுக்கு நீங்க தோட்டா எடுத்து வெக்கிறீங்களா, இல்ல அந்தச் சாவிய அமுக்குறீங்களா?"

"அவன் வந்ததும் பேசிப் பாக்கலாமே."

"வியாழக்கிழமைக்குள்ள அவன் வரமாட்டான். வந்தாலும் எங்கிட்ட பேசமாட்டான். வானத்துகிட்ட பேசுவான்."

அனுப்பினேன். சாவியின் ஓசை அன்றைக்குப்போல் அவ்வளவு சத்தமாக எனக்கு ஒருபோதும் கேட்டதில்லை. அவள் கடைசி எழுத்துவரை நின்று கேட்டுவிட்டு, "மதியம் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிப் போனாள். நான் போகவில்லை.

வியாழன் விடிந்ததும் அவளும் லியோனும் பதினான்கை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவற்றுக்கு முன்னால் வழிகாட்ட, அந்தப் பதினான்கில் சேராத, மணி கட்டிய பெட்டைக்குதிரை ஜூனோ. அது நடந்தால்தான் மற்றவை நடக்கும். படகுத்துறைக்கு மூன்று நாள் வழி.

சனி, ஞாயிறு என் கருவிக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே அடைத்துவிட்டு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் எடுத்துக்கொண்டு கணவாய்க்கு நடந்தேன். அவனிடம் நானே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவன் வெட்டிய பாதையில் முழுநீளமும் நான் நடந்தது அன்றுதான். நல்ல பாதை. சதுப்பில் உருட்டுக்கட்டை அடுக்கியிருந்தான். ஓடைகளில் கல் பரப்பியிருந்தான். ஒரு வளைவில் எதிரெதிராக வரும் இரண்டு மோட்டார் வண்டிகள் விலகிக்கொள்ள இடம் விட்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை முற்பகல் மேலே சேர்ந்தபோது மேகம் கணவாயின் தோள்வரை இறங்கியிருந்தது. புதுப்பனி பூட்ஸின் தையலளவு கிடந்தது. அந்த வெண்பனி மேல் இரண்டு வெள்ளை விரிப்புகளைச் சிலுவையாக விரித்து, ஓரங்களில் கல் வைத்திருந்தான். பத்தடி தள்ளி நின்றால் எனக்கே தெரியவில்லை.

"பனி நேத்துதான் விழுந்துச்சு" என்றான். "ஓரத்துல கரி தடவியிருக்கேன். பாரு. தெரியுதுல்ல?"

"தெரியுது" என்றேன்.

கொழுப்பில் ரொட்டியைப் பொரித்துத் தின்றோம். அவன் நிறுத்தாமல் பேசினான். இங்கே பெட்ரோல் கடை, அங்கே தங்கும் விடுதி, டெல்ஃபீன் சமைத்தால் சியாட்டில்காரன் திரும்பிப் போவானா என்று. நான் இரண்டுமுறை வாயைத் திறந்தேன். இரண்டுமுறையும் அவன், "இரு, இத கேளு" என்றான்.

பன்னிரண்டரைக்கு அந்தச் சத்தம் கேட்டது. தெற்கிலிருந்து, முதலில் தேனீ போல.

ஆஸ்முண்ட் குதித்து எழுந்து ஈர ஸ்ப்ரூஸ் கிளைகளை நெருப்பில் அள்ளிப் போட்டான். புகை எழுந்தது, நேராக மேகத்துக்குள் போய் மேகமாகவே ஆகிவிட்டது. சத்தம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. ஒருமுறை சுற்றியது. அவன் ஒரு விரிப்பை உருவி, கல் எல்லாம் தெறிக்க, தலைக்குமேல் வீசிக்கொண்டு ஓடினான்.

"இங்க! இங்கதான்யா! கீழ இறங்கு! இருநூறு அடி இறங்குனா போதும்! யோவ்!"

இரண்டாம் சுற்று வரவில்லை. சத்தம் வடக்கே போய், மெலிந்து, நின்றது. அவன் விரிப்பைப் பிடித்தபடியே நெடுநேரம் மேலே பார்த்தான். பின்பு என்னிடம் திரும்பி, "நாளைக்கு மறுபடி வருவாங்க. பதினெட்டுவரைக்கும்னுதானே எழுதியிருந்தாங்க?" என்றான்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது. குதிரைத் தந்தியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத நேரம் அதுதான். ஆனால் சொல்லிவிட்டேன்.

"எப்போ?"

"புதன்கிழமை."

"எம் பேருலயா?"

"உன் பேருலதான்."

விரிப்பை மடிக்கத் தொடங்கினான். ஓரத்தோடு ஓரம் வைத்து, கரி உள்ளே வரும்படி. இரண்டாவதையும் எடுத்து மடித்தான். "நீயுமா, தந்தி?" என்றான். அதற்குப்பிறகு அந்த வாயிலிருந்து எனக்கென்று ஒரு சொல் வரவில்லை. மறுநாளும் அங்கேயே காத்திருந்தான். நான் இறங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சத்தமும் வரவில்லை.

புதன்கிழமை டெல்ஃபீன் திரும்பியபோது அவன் பாதிக்குமேல் காலியான பட்டியின் வேலியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நான் குடில் வாசலிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போகத் துணியவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் பேச்சு நன்றாகக் கேட்கும்.

"ஜூனோவையுமா குடுத்துட்ட?"

"கண்ணத் திறந்து பாருய்யா. லியோன் பிடிச்சுட்டு நிக்கிறான். கொண்டுபோனேன், திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

அவன் வேலியைவிட்டு ஜூனோவிடம் போனான்.

"கத்து. ஏதாவது சொல்லு. நாலு நாளா வழி நெடுக உனக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்திருக்கேன். வீணாப் போகக்கூடாது."

அவன் ஜூனோவின் குளம்பை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். நான்காவதில் சிக்கியிருந்த கல்லை எடுத்துப் போட்டான். பிறகு வீட்டுக்குள் போனான். டெல்ஃபீன் வேலியை ஓங்கி ஒரு உதை உதைத்தாள். அன்று மாலை வரை துவைத்தும் விரிப்பில் கரி போகவில்லை.

அந்தக் குளிர்காலம் முப்பத்தைந்தைவிடக் கடுமையாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் பச்சை தலைகாட்டியபோது வைக்கோல் களத்தில் இரண்டு கை அள்ளல் மீதி. எட்டுக் குதிரையும் பிழைத்தன. ஆஸ்முண்டுக்கு அது தெரியும். அந்தக் கடைசி அள்ளலை அவன்தான் கையால் கூட்டி எடுத்தான். டெல்ஃபீனிடம் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான். குதிரையைப் பற்றி, உப்பைப் பற்றி. என்னிடம் இல்லை. நான் மேசைக்குப் போனால் அவன் தட்டை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போவான். பிறகு நானே போவதைக் குறைத்து, கடையில் டப்பா பீன்ஸ் வாங்கித் தின்னப் பழகினேன்.

நாற்பதாம் ஆண்டு குழுவின் அறிக்கை அச்சாகி வந்தது. கனமான புத்தகம். ஆஸ்முண்ட் அதை வாசிக்க என்னிடம் கொண்டுவரவில்லை. லியோன் எழுத்துக்கூட்டி வாசித்தான். கணவாய்க்கு ஒரே ஒரு வரி இருந்தது: மேகம் காரணமாகப் பார்வையிட இயலவில்லை. பெயர்கூடப் போடவில்லை.

"மச்சான், அந்த மேகத்துக்காவது உன் பேர வெச்சிருக்கலாம்" என்றானாம் லியோன். ஆஸ்முண்ட் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தானாம்.

நாற்பத்திரண்டு மார்ச்சில் வானொலியில் செய்தி வந்தது. போர் வந்துவிட்டது, அமெரிக்க ராணுவம் அலாஸ்காவுக்குச் சாலை போடுகிறது. கடற்கரை மலை ஓரமாக அல்ல. மலைகளுக்கு அந்தப் பக்கம், கிழக்கே, எங்களிடமிருந்து பல நாள் வழி தள்ளி. டெல்ஃபீனிடம்தான் முதலில் சொன்னேன்.

"நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

காலைச் சாப்பாட்டில் சொன்னாளாம். அவன் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் கேட்டானாம். "அவ்வளவுதானா?" என்று நான் கேட்டேன். "ரெண்டாந்தரம் கேட்டான். அதையும் தின்னான்" என்றாள். "எனக்குத்தான் தொண்டையில எறங்கல." அவள் கண் கலங்கியிருந்ததை அன்று முதன்முறையாகப் பார்த்தேன். சாலை வேண்டாம் என்றே அவள் நினைத்திருந்தாள் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

மே மாதம் லியோன் அந்தச் சாலையிலேயே வேலைக்குப் போய்விட்டான்.

ஜூன் முதல் வாரம். குடிலில் உட்கார்ந்திருந்த எனக்கு மேலே காட்டிலிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. இழுப்புக்கு இழுப்பு நின்று நின்று வந்தது. இரட்டைப்பிடி ரம்பத்தை ஒற்றை ஆள் இழுத்தால் அப்படித்தான் மறுமுனை துள்ளி வளையும். கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கருவியை அணைத்துவிட்டு மேலே ஏறினேன்.

பாதையின் குறுக்கே ஒரு முழு ஸ்ப்ரூஸ் விழுந்து கிடந்தது. ஆஸ்முண்ட் பாதிகூட அறுக்கவில்லை. ரம்பம் வெட்டுக்குள் இறுகிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தைச் சுற்றி ஒரே கொசு. ஐம்பத்தைந்து வயது அவனுக்கு. நான் வந்து நின்றதைப் பார்த்தான். இறுகிய ரம்பத்தை இன்னும் இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "பாத்துட்டே நிக்காதய்யா. அந்தப் பக்கம் பிடி" என்றான்.

பிடித்தேன். அவன் என்னிடம் பேசி நான்கு வருடம் ஆகப்போகிறது. என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. முதல் இழுப்பிலேயே மூச்சு வாங்கி, எல்லாம் போய்விட்டது.

"தள்ளாத. இழு மட்டும். தள்ளுறது என் வேலை இல்ல, உன் வேலையும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்: "இனி இந்த வழியா யாரு வரப்போறாங்க ஆஸ்முண்ட்?"

"மரம் குறுக்க கிடக்கு" என்றான். "கிடந்தா எனக்குத் தூக்கம் வராது."

மேலும் இழுத்தோம். ஒரு தடவை அவன் நிறுத்தி, வெட்டுக்குள் ஆப்பை அடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அந்த வருஷம் இருபத்திரண்டும் செத்திருக்கும்."

"தெரியல."

"எனக்குத் தெரியும். நீ அனுப்பினது சரிதான். ஆனா எம் பேருல அனுப்பினியே." ஆப்பை இன்னொரு அடி அடித்தான். "சரி, இழு."

டெல்ஃபீன் டீ வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது நாங்கள் மறுபக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரையும் ஒரே ரம்பத்தில் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்து, இடுப்பில் கைவைத்துச் சற்று நேரம் நின்றாள். குனிந்து ஒரு குச்சியை எடுத்தாள். விழுந்த மரத்தின் மேல் அதை வைத்து வைத்து அளந்து, கத்தி முனையால் கீறிக்கொண்டே போனாள்.

"இத உருட்டிப் பள்ளத்துல தள்ளிடாதீங்க" என்றாள். "கோடு போட்டிருக்கேன். அடுப்பு நீளத்துக்கு அறுங்க."